ஏலாது என்று எழுத ஓர் இடம்

என் பழைய கந்தோரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சமூக சேவை உத்தியோகத்தர்களுக்கு ஒரு மணி நேரம் பேசித்தர வேண்டும் என்று கேட்டு, போன மாதம் சுகன்யா உடுவிலில் என் வீட்டுக்கே வந்தாள். நான் ஓய்வு பெறும்போது பக்கத்து மேசையில் இருந்தவள். இப்போது அந்தப் பிரிவுக்கே பொறுப்பாக இருக்கிறாள். கையில் கொப்பி அளவில் ஒரு டப், தொடுதிரைக் கணினி, வைத்திருந்தாள். இனிமேல் வீட்டுத் தரிசிப்புக்குக் காகிதப் படிவம் கிடையாதாம், எல்லாம் இதற்குள்தானாம். "பாருங்கோ மிஸ், எவ்வளவு சுகம்" என்று விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். 'குடும்பத்தின் பலங்கள்' என்று ஒரு தலைப்பு இருந்தது. அதைத் தொட்டால் இருபது பலங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. பொருத்தமானதைத் தெரிவு செய்தால் போதும், ஒரு சொல்கூட எழுதத் தேவையில்லை.

"ஏலாததை எங்கை போடுறது?" என்று கேட்டேன்.

அவள் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அப்பிடி ஒண்டும் இல்லை மிஸ். 'மேம்படுத்த வேண்டியவை' எண்டு ஒண்டு கிடக்கு."

மேடையில் ஏறினால் எனக்குக் கோபம் வந்து, சொல்ல வந்தது மறந்துபோகும். ஆகவே பேச வரமாட்டேன், எழுதித் தருகிறேன், விரும்பினால் வாசித்துக் காட்டு என்று சொல்லி அனுப்பினேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மகேஸ் என்று நான் இங்கே சொல்லப்போகிற பெண்ணிடம் மட்டும் நேரில் போய்ச் சம்மதம் கேட்டேன். "எழுதுங்கோ, ஆனா நான் சொன்னதை வடிவாக்காமல் எழுதுங்கோ" என்றாள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதரிடம் உள்ள பலத்தைப் பார் என்று சொல்லித்தந்த முறையை நான் வெறுக்கிறவள் அல்ல. நான் வேலைக்கு வந்த காலத்துக் கோப்புகளை வாசித்தால், உதவி கேட்டு வந்த எல்லாரும் ஏதோ குற்றம் செய்தவர்கள் போலத் தெரியும். 'சோம்பல் உள்ளவர்', 'குடிப்பழக்கம் உண்டு', 'வீட்டில் சுத்தம் போதாது'. அரை மணி நேரம் ஒரு வீட்டு வாசலில் இருந்துவிட்டு வந்து இப்படி எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன், அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. போர் முடிந்த பிறகு கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பயிற்சியாளர்கள் வந்தார்கள். குறையைத் தேடாதே, அவரிடம் என்ன இருக்கிறது என்று கேள் என்றார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, உனக்குத் தரப்பட்டதை மண்ணில் புதைக்காதே என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்டு வளர்ந்த எனக்கு அது சட்டென்று பிடித்துக்கொண்டது.

அந்த முறை வேலையும் செய்தது. குருநகரில் திரேசம்மா என்று மீன் விற்கிற ஒரு பெண் இருந்தார். பல வருடங்களாக எங்கள் கோப்பில் அவர் 'உதவி தேவைப்படும் விதவை', அதற்கு மேல் ஒன்றுமில்லை. பயிற்சி முடிந்த சூட்டோடு போய், "அம்மா, உங்களாலை நல்லாச் செய்யக்கூடியது என்ன?" என்று கேட்டேன். அவர் மீன் அரிந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் பிள்ளை, இவ்வளவு காலமும் உங்கடை கண் என்ன பிடரியிலையோ இருந்தது?" என்றார். பிறகு எந்த மீன் எவ்வளவு உப்புத் தாங்கும், மழைக் குணம் கண்டால் கருவாட்டை எப்போது எடுக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். அடுத்த வருடம் நான்கு பெண்கள் அவரோடு சேர்ந்து கருவாடு போட்டார்கள். அந்த ஏச்சை நான் போன கூட்டமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

எங்கள் பிரிவுக்கு அப்போது ஞானமுத்து சேர் தலைவர். மெதடிஸ்ட் குடும்பம், வெள்ளை நீளக்கைச் சட்டை, மேசையில் கோடு போடுகிற ஓர் அடிமட்டம். கோப்பு வாசிக்கும்போது அடிமட்டத்தை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து இறக்கிக்கொண்டே வருவார். மட்டம் ஒரு வரியில் நின்றுவிட்டால் எங்கள் மூச்சும் நின்றுவிடும். அவர் ஒருநாளும் ஏசினது கிடையாது. கோப்பை எங்கள் பக்கம் திருப்பி, "இந்த வரியை நீரே ஒருக்கா வாசியும்" என்பார், அவ்வளவுதான். எழுதியவரே தன் வாயால் வாசிக்கும்போது பொய் பல்லில் கல் மாதிரி கடிபடும். புதிய முறையைப் பற்றி அவர் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. பயிற்சிக் கையேட்டைப் பக்கம் பக்கமாக வாசித்து முடித்துவிட்டு, "கேள்வி நல்லாயிருக்கு. பதிலை ஆர் சரிபார்க்கிறது?" என்று மட்டும் கேட்டார். பழைய காலத்து மனிதர், இவருக்கு விளங்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மகேஸின் வீடு பண்டத்தரிப்பில் இருந்தது. தோட்டக்காரக் குடும்பம். தாய் தகப்பன் இல்லை. மகேசுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும், கலியாணம் செய்யவில்லை. தம்பி தவம் வெங்காய மூட்டை ஏற்றும்போது லொறியின் மேலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அக்காவும் தம்பியும் மட்டும்தான் அந்த வீட்டில்.

நான் முதல் தரம் போனபோது முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. தவம் சவரம் செய்து, கழுவிய சேட்டைப் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். மகேஸ் எனக்குப் பால் தேத்தண்ணி கொண்டுவந்தாள். பொன் விளிம்பு வைத்த பூக்கோப்பை, கீழே அதே சோடித் தட்டு, தட்டில் இரண்டு பிஸ்கற். "கஷ்டம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டால், "ஒரு குறையும் இல்லை மிஸ். நாங்கள் சமாளிப்பம்" என்று சிரித்தாள். அயலில் ஆர் உதவி என்று கேட்டேன். "பக்கத்து வீட்டிலை புஸ்பமக்கா இருக்கிறா, நல்ல மனிசி. கோயில் ஆக்களும் வந்து பாப்பினம்."

உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக்கு வந்தால் எங்கள் ஊரில் அப்படித்தான். இல்லாத வீட்டிலும் இருப்பதுபோல் ஒரு கோப்பை வரும், 'சமாளிப்பம்' என்ற சொல்லும் வரும். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும், கையில் படிவம் இருந்தபடியால், எல்லாவற்றையும் பலமாகவே எழுதினேன். மனவலிமை, வீட்டு ஒழுங்கு, சகோதர பாசம், அயலவர் துணை, சமய நிறுவனத் தொடர்பு என்று ஒன்பது வரிகள் எழுதினேன். ஒன்பதாவது, 'விருந்தோம்பும் பண்பு'. அந்தத் தேத்தண்ணியையும் நான் விடவில்லை.

அந்தக் கோப்பு பேர் பெற்றுவிட்டது. பயிற்சிகளில் மாதிரி அறிக்கையாக வாசித்தார்கள். ஒரு கருத்தரங்குக்கு மகேசையே கூட்டிவந்து பேசவைத்து, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்தோம். 'தளராத சகோதரி' என்று கீழே எழுதி ஒரு துண்டுப்பிரசுரமும் வந்தது. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அவள் அந்தப் பொன்னாடையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கும் நிற்காமல் ஓடினாள். தம்பியைப் புரட்டிப் படுக்கவைக்கிற நேரம் தாண்டிவிட்டதாம். அதையும் நான் பாசம் என்றே நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கந்தோருக்கு வந்தாள். அதற்கு முன் எதையும் கேட்டு வந்தவள் இல்லை. கதிரையில் இருக்கச் சொன்னேன், ஒரு கையை அடிவயிற்றில் அழுத்திப் பிடித்தபடி மெதுவாக இருந்தாள். கிளினிக்கில் எழுதிக்கொடுத்த துண்டை நீட்டினாள். ஹேர்னியா, பாரம் தூக்கித் தூக்கி வந்தது, உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். அதன் பிறகு மூன்று மாதம் ஒன்றும் தூக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த திகதியை ஏற்கெனவே இரண்டு தரம் தள்ளிப்போட்டுவிட்டாள். இனியும் தள்ளினால் குடல் சிக்கி உயிருக்கே மோசம் வரலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"தம்பியை ஒரு மூண்டு மாசம் எங்கையாவது வைச்சுப் பாக்க ஏலுமே மிஸ்?" என்றாள். தலையை நிமிர்த்தாமல்தான் கேட்டாள்.

அப்படிப்பட்டவர்களைக் குறுகிய காலத்துக்கு வைத்துப் பார்க்கிற ஓர் இல்லம் இருந்தது, பெயர் வேண்டாம். கட்டில்கள் கொஞ்சம், காத்திருக்கிறவர்கள் அதிகம். விண்ணப்பத்தோடு எங்கள் கோப்பின் பிரதியும் போக வேண்டும். அதை வாசித்து ஒரு குழு முடிவெடுக்கும். நான் அன்றைக்கே அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது. 'குடும்பத்தில் மனவலிமையும் அயலவர் துணையும் போதிய அளவு உள்ளதாக அறிக்கையிலிருந்து தெரிவதால்' இடம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். எல்லாம் என் சொற்கள். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், இங்கே என் வினை மகேசைச் சுட்டது. கடிதத்தை எடுத்துக்கொண்டு ஞானமுத்து சேரின் அறைக்குப் போய், குழுவைத் திட்டத் தொடங்கினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மகேஸின் கோப்பை மேசை லாச்சியிலிருந்து எடுத்து, என் பக்கம் திருப்பி வைத்தார். "வாசியும்."

வாசித்தேன். ஒன்பது வரிகளையும் வாசித்தேன்.

"பொடியனைத் தூக்கிறது ஆர்?"

"மகேஸ்தான் சேர்."

"ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

எனக்குத் தெரியவில்லை.

"புஸ்பமக்காவுக்கு என்ன வயசு?"

அதுவும் தெரியவில்லை.

"பிள்ளை, குழு பிழை விடேல்லை. நீர் எழுதினதை அவை நம்பியிருக்கினம்." அடிமட்டத்தை எடுத்துக் கோப்பின் மேல் குறுக்காக வைத்தார். "விடிய வெள்ளணப் போய், பொழுதுபடுமட்டும் இருந்து, எண்ணிக்கொண்டு வாரும்."

அடுத்த நாள் காலை ஐந்தரைக்குப் பண்டத்தரிப்பில் இருந்தேன். சொல்லாமல் போனதால் முற்றம் கூட்டியிருக்கவில்லை. ஒரு மூலையில் கதிரையைப் போட்டுக்கொண்டு, கொப்பியில் கோடு கோடாக எண்ணினேன். கட்டிலிலிருந்து மலகூடக் கதிரைக்கு ஒன்று. அங்கிருந்து கிணற்றடிக் கதிரைக்கு ஒன்று. கிணற்றடியிலிருந்து திரும்பக் கட்டிலுக்கு ஒன்று. சாப்பாட்டுக்குச் சக்கர நாற்காலிக்கு, திரும்பக் கட்டிலுக்கு. படுக்கை நனைந்தால் மறுபடியும். தம்பியின் இரண்டு கைகளுக்கும் கீழே உடுத்துப் பழசான ஒரு சாரத்தைச் சுற்றி, தன் நெஞ்சோடு அணைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவாள். தூக்கி வைத்த பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். பொழுதுபடும்வரை பதினொரு தரம். இரவில் புண் வராமலிருக்க எழும்பிப் புரட்டிப் படுக்கவைப்பது இந்தக் கணக்கில் சேரவில்லை.

புஸ்பமக்கா பத்து மணிபோல வந்தார். எழுபத்திரண்டு வயது, ஊன்றுகோல். தவத்தோடு அரை மணி நேரம் கதைத்துச் சிரிக்கவைத்துவிட்டுப் போனார். நல்ல மனுசிதான். ஒரு வாளித் தண்ணீர் அவரால் தூக்க முடியாது. கோயில்காரர்களைப் பற்றிக் கேட்டேன். திருவிழா முடிய அன்னதானச் சோறு கொண்டுவந்து கொடுப்பார்களாம். இதுதான் நான் எழுதிய துணை.

மத்தியானம் மகேஸ் கிணற்றடிக்குப் போன நேரம், தவம் என்னைக் கூப்பிட்டார். இரண்டு வருடமாக நான் அந்த மனிதரோடு சுகம் விசாரித்ததைத் தவிர ஒன்றும் கதைத்ததில்லை.

"மிஸ், ஒண்டு சொல்லுறன், குறை நினைக்காதையுங்கோ. நீங்கள் வாறதெண்டால் அக்கா புஸ்பமக்கா வீட்டை ஓடிப்போய்த்தான் அந்தப் பூக்கோப்பையை வாங்கிக்கொண்டு வாறவ. பாலும் அங்கை இருந்துதான்."

கதிரையை அவருடைய கட்டிலடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"வாற ஆக்கள் எல்லாரும் அக்காவைப் புகழ்ந்துபோட்டுப் போயிடுவியள். அவ்வளவு புகழ்ந்தாப் பிறகு, அவ என்னெண்டு ஏலாது எண்டு சொல்லுறது?"

அந்தக் கேள்வியை எந்தப் பயிற்சியிலும் எவரும் கேட்டதில்லை. மகேஸ் ஈரக் கையைத் துடைத்தபடி வந்து, "என்ன மிஸ், இவன் ஏதும் அலட்டுறானோ?" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழவில்லை, திரும்பி வரும் வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதேன்.

அடுத்த நாள் சேரும் நானும் இருந்து புதிய அறிக்கை எழுதினோம். முதல் வரி, 'எனது முந்திய அறிக்கை பிழையானது' என்று அவர் சொன்னார். சங்கடமாக இருந்தது, எழுதினேன். 'இவர் மிகுந்த சிரமப்படுகிறார்' என்று எழுதியபோது அடிமட்டம் நின்றது. "சிரமம் எல்லாருக்கும் இருக்கு. ஏலுமோ ஏலாதோ?" ஏலாது என்றேன். "அப்ப அதை எழுதும்." படிவத்தில் அதற்கு இடம் இல்லை. பின்பக்கத்தில், வெறும் தாளில், பதினொரு தூக்கலையும் நேரத்தோடு எழுதி, கடைசியில் 'இவரால் இனி இயலாது' என்று முடித்தேன்.

குழு எங்களோடு மகேசையும் நேரில் வரச் சொன்னது. அன்றைக்குத் தவத்தோடு இருக்க எங்கள் கந்தோர்ப் பியோனை அனுப்பினோம். எனக்கு இருந்த பயமெல்லாம் ஒன்றுதான். கேட்ட உடனே பழக்க தோசத்தில் 'சமாளிப்பம்' என்று சொல்லிவிடுவாளோ? சொன்னால் எல்லாம் முடிந்தது, சத்திரசிகிச்சைக்குப் போக அவளுக்கு வேறு வழியில்லை. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற ஓர் அதிபர், மிகவும் அன்பான மனிதர். அந்த அன்பே வினையாகப் பார்த்தது.

"தங்கச்சி, உங்களைப் பற்றி நாங்கள் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கிறம். நீங்கள் கெட்டிக்காரி. ஒரு மூண்டு மாசம் எப்பிடியும் சமாளிப்பியள்தானே?"

மகேஸ் வாயைத் திறந்தாள். அந்தச் சிரிப்பு, எனக்குத் தெரிந்த அந்தச் சிரிப்பு, முகத்தில் வரத் தொடங்கியது. அவளுக்காக நான் பேசிவிடலாம் என்று எழும்பினேன். சேர் என் பக்கம் பார்க்காமலே கையை நீட்டி மறித்தார்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "ஐயா, இவ்வளவு நாளும் சமாளிப்பன் எண்டுதான் சொன்னனான். எனக்கு இனி ஏலாது. அதைச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தனான்."

தலைவர் என் அறிக்கையின் பின்பக்கத்தைத் திருப்பி இரண்டாம் தரம் வாசித்தார். இரண்டு கிழமையில் ஒரு கட்டில் காலியாகும், மூன்று மாதத்துக்குத் தரலாம் என்றார்கள்.

திரும்பி வரும்போது சேர் சொன்னார்: "கட்டில் காணாது பிள்ளை. காணாத இடத்திலை, சனத்துக்குப் பலம் இருக்கெண்டு எழுதினால் எல்லாருக்கும் வசதி. கட்டில் கேட்டு மேலிடத்துக்கு எழுதத் தேவையில்லை." தனது அறைக்குப் போய் அன்றைக்கே கட்டில்கள் போதாது என்று மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் பிறகு மாதம் ஒன்று எழுதினார். அவர் ஓய்வு பெற்றுப் போனதும் நான் எழுதினேன். அந்த இல்லத்துக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு கட்டடம் இருக்கிறது. எங்கள் கடிதத்தால் வந்ததோ, வேறு எதனால் வந்ததோ, வந்தது.

மகேசுக்குச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. தவம் போன இல்லத்தில் ஒரு பிசியோதெரபிப் பெண் இருந்தாள். அவள் தவத்தின் தோள்களைத் தட்டிப் பார்த்து, "அண்ணை, மூட்டை தூக்கின கை எல்லோ" என்று கேட்டிருக்கிறாள். கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் இடையில் வழுவழுப்பான ஒரு பலகையைப் போட்டு, கைகளால் ஊன்றி நகர்ந்து மாறப் பழக்கினாள். மூன்று மாதத்தில் பதினொரு தூக்கல் இரண்டாகக் குறைந்தது. நான் ஒன்பது பலம் எழுதினேன், ஒன்பதும் அக்காவின் பலம். தம்பிக்கும் இரண்டு கை இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஆகவே பலத்தைப் பார்க்கவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எண்ணிப் பாருங்கள், எல்லாரிடமும் பாருங்கள், பார்த்ததோடு ஏலாததையும் அதே தாளில் எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன். சுகன்யா இதை அந்த டப்பில் எங்கே போடுவது என்று மேலிடத்தோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் வெல்லுவாள் என்று நினைக்கிறேன், என்னைவிட வாய்க்காரி.

இதை எழுதச் சம்மதம் கேட்கப் போன நாளில் மழை தூறியது. முற்றம் கூட்டாமல் வேப்பஞ் சருகு கிடந்தது. தவம் சக்கர நாற்காலியில் இருந்து யாரோ ஒருவரின் ரேடியோவைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். மகேஸ் போர்வையை மூடிக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். பிறகு எழும்பவில்லை.

"மிஸ், ரெண்டு நாளாய்க் காய்ச்சல். இண்டைக்கு எனக்கு ஏலாது. குசினிக்குள்ளை எல்லாம் கிடக்கு, நீங்களே தேத்தண்ணியைப் போடுங்கோ."

போட்டேன். பால் இல்லை, பிளேன் ரீதான். பூக்கோப்பையைத் தேடவில்லை. காது உடைந்த மூன்று கோப்பைகளில் ஊற்றிக்கொண்டு வந்தேன். தவம் ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி கூடிப்போச்சு மிஸ்" என்றார். மகேஸ் சுவரோடு சாய்ந்திருந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு கோப்பையை என் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் ஒரு அரைக் கோப்பை இருக்கோ மிஸ்?"

இருந்தது.